நீல மையில் எழுதிய பெயர்

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. பல வருஷம் பழகிய வாடைதான். மூன்றாம் தட்டில், பின்வரிசையில் அந்தக் குப்பி இருக்கும் என்று தெரிந்ததால் கொஞ்ச நேரம் கையை நீட்டாமல் நின்றேன். நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி உயிரினக் காட்சிசாலையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். சீட்டில்லாத குப்பிகளையெல்லாம் கொட்டிவிட உத்தரவு. எங்கே பிடித்தது, யார் பிடித்தது என்று தெரியாத உடம்பு படிப்புக்கு உதவாது. நியாயமான உத்தரவுதான். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

குப்பிக்குள் இருப்பது உன் மகள் பிடித்த மீன். ஸ்பிரிட் வெளிறிய நீலமாக நிற்கிறது. மீனோடு போட்ட சீட்டு எழுத்தில்லாமல் வெள்ளையாகக் கிடக்கிறது.

நீ முதலில் வந்த நாள் நினைவிருக்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து டிராமில் தொங்கிக்கொண்டு வந்து அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன். இடுப்பில் ஈரத்துண்டு, கையில் மண்சட்டி, பின்னால் ஏழெட்டு வயசுப் பெண். அடையாறு கடலில் விழும் இடத்துக் குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தீர்கள். வலையில் விற்க முடியாதது எது வந்தாலும் கொண்டு வா என்று நான் கரையில் சொல்லி வைத்திருந்தேன். சட்டிக்குள் சேறும், சேற்றின்மேல் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்தி நகரும் ஒரு மீனும். "நீ வலையில வந்தத கேட்ட பாய். இது வலையில வர்ல. கொயந்த சேத்துல ஓடியே புடிச்சுது," என்றாய். உன் பெண் முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு, யாரையும் பார்க்காமல், மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனுக்கு நடக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாய். எனக்கு வாய் சும்மா இருக்குமா? உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மீனுக்கு ஆயிரம் குஞ்சு பிறந்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஏதோ ஒன்றுக்குத் துடுப்பு கொஞ்சம் தடிப்பு. குட்டை வற்றும்போது அது அடுத்த குட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிழைக்கிறது, அதன் குஞ்சுகளுக்கும் அந்தத் துடுப்பு. இப்படியே எண்ண முடியாத காலம் போனால், நீரில் கிடந்த ஒரு பழைய வம்சம் கரையேறி, தவளையாய், பல்லியாய், கடைசியில் நீயும் நானுமாய் நிற்கிறது. இந்தச் சேற்று மீன் நம் பாட்டனார் இல்லை, கரையேறியது எப்படி என்று காட்டும் தூரத்துச் சொந்தம் என்றேன். நீ சிரிக்கவில்லை. "அப்போ குட்டையிலயே செத்துப்போச்சே, அதுங்க?" என்றாய். வலுவானது நிற்கும், மற்றது போகும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டு கல்லில் அச்சாய்க் கிடைக்கும், மீதிக்கு அடையாளமே இல்லை என்றும் சொன்னேன்.

கிளம்பும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று. புடிச்சது யாருன்னு கொயந்த பேரை எழுதி வை என்றாய். நான் பென்சிலை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பென்சில் அழிந்துவிடுமாம், பேனாவில் எழுத வேண்டுமாம். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சில்தான் நிலைக்கும், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். தெரிந்தும் உன் ஆசைக்காகப் பேனாவில் எழுதினேன். நீ பெயரைச் சொன்னாய், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் போனதும் பென்சிலில் இன்னொரு சீட்டு எழுதிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன், பெயரையும் சேர்த்து. பதிவேட்டிலாவது இருக்குமா என்றால், மீனவரிடம் பெற்றது என்று மட்டும் கிறுக்கி வைத்திருக்கிறேன்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உங்கள் குப்பத்தில் பல பிள்ளைகளைக் கொண்டுபோனது. நீ தனியாக வந்து வாசலில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து குப்பியைக் காட்டச் சொன்னாய். அதற்குள் மை கரைந்து ஸ்பிரிட் நீலமாகியிருந்தது. உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கண் போதுமே.

"எங்க பாய், ஒண்ணியும் காணோமே?"

சீட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். நீ நம்பினாயோ என்னவோ, கண்ணாடியைக் கையால் துடைத்தாய். அப்புறம் கேட்டாய்: "வலுவானதுதான் நிக்கும்னியே. என் கொயந்தைக்கு வலுவில்லன்றியா?"

அந்தச் சேற்றில் ஓடி அந்த மீனைப் பிடித்தவளுக்கா வலுவில்லை? நான் சொன்ன சொல்லே தப்பு. அந்தந்த இடத்துக்கும் வேளைக்கும் பொருந்தியது மிஞ்சுகிறது, அதிலும் எத்தனையோ வெறும் தற்செயல். காய்ச்சல் யாரையும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதைவிட, அவள் பெயரை இன்னொரு தரம் சொல், மறுபடி எழுதுகிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பெயர் அழிந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம். இனி எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று உன்னை அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் உன் கட்டுமரம் திரும்பவில்லை.

போன வாரம், உத்தரவு வந்த மறுநாள், உங்கள் குப்பத்துக்குப் போனேன். உன் குடிசை இருந்த இடத்தில் வேறு யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். உன் மனைவி வடக்கே தாய்வீட்டோடு போய்விட்டாளாம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் உன் மகள் பெயரைக் கேட்டேன். யோசித்துப் பார்த்து, "குட்டின்னுதான் கூப்புடுவோம். வேற பேரு இன்னான்னு தெர்ல," என்றாள்.

இன்று பென்சிலைச் சீவி, அடையாற்று முகத்துவாரம், சேற்றில் நடக்கும் மீன் என்று புதுச் சீட்டு எழுதினேன். குட்டி என்று எழுதலாமா என்று பார்த்தேன். அது எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் பெயர், நீ அன்று சொன்னது அதில்லை. இடம் எழுதிய சீட்டு இருப்பதால் மீனைக் கொட்டமாட்டார்கள். அதுமட்டும் நிச்சயம். நான் போன பிறகும் அது அங்கே இருக்கும், சீட்டும் இருக்கும், ஏனென்றால் பென்சில் அழியாது. அதில் பிடித்தவர் என்று போட்டு, பக்கத்தில் அழியாதபடி எழுதி வைத்திருக்கிறேன்: பெயர் தெரியவில்லை.