படத்தில் விழாத இடம்

விருத்தாசலம்
12.11.2005

அன்புள்ள சண்முகப்ரியா அக்காவுக்கு,

அம்மா எதிரில் உட்கார்ந்து சொல்ல, தங்கை இளமதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஹைதராபாத் சோறு உனக்கு ஒத்துக்கொண்டதா என்று முதலில் கேட்கச் சொல்கிறாள். நீ அனுப்பிய புரதப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் புள்ளிக்கோடுதான். மற்ற இடமெல்லாம் ரிப்பன் சுருண்ட மாதிரி இருக்க, ஓரிடத்தில் மட்டும் வெறும் புள்ளிகள். அதை நான் அம்மாவிடம் காட்டியிருக்கக் கூடாது. "நாலு வருசமா படிக்கிறவ புள்ளி வச்சி அனுப்புறா, எதையோ மறைக்கிறா" என்று அன்றே பிடித்துக்கொண்டாள். அந்தப் பகுதி ஒரு நிலையில் நிற்காமல் நெளிவதால் படத்தில் விழவில்லை, அப்படி நெளிவதால்தான் பல புரதங்களோடு சேர்ந்து மரபணுவை வேலை செய்ய வைக்கிறது என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஆதிநாராயணன் மாமாவும் இருந்தார். தன் மகனுக்கு உன்னைக் கேட்கத்தான் வந்திருந்தார். "எங்க பொம்மை யூனிட்டுல வடிவம் வராதது எல்லாம் கழிவுத் தொட்டிக்குத்தான் போவும். ஒம் பொண்ணு ஆராய்ச்சியும் அங்கதான் போயிருக்குது, சொல்ல வெக்கப்படுது" என்று சிரித்தார்.

மறுநாள் நான் வேலை செய்யும் பொம்மை யூனிட்டிலிருந்து ஈரம் காயாத பொம்மை ஒன்றும் சூளையில் வெந்தது ஒன்றும் கேட்டு வாங்கி வந்தேன். எட்டாவதோடு நின்ற எனக்குப் பொம்மைக்குக் கை ஒட்டத்தான் தெரியும். வெந்ததில் கை நிற்காமல் விழுந்தது. ஈரமானதில் தூக்கிய கையும் ஒட்டியது, அதை எடுத்துவிட்டு வைத்த கூப்பிய கையும் ஒட்டியது. குழைவாக இருப்பதால்தான் எது வந்தாலும் சேருகிறது, அக்காவுடையதும் அப்படித்தான் என்றேன். அம்மா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதெல்லாம் சரிடீ, இது கடைசில வெந்து நிக்குது. ஒங்க அக்காளுது எப்ப வேவும்?" என்றாள். அது இன்னொரு புரதத்தோடு சேரும்போது வடிவத்துக்கு வந்து, விட்டதும் பழையபடி நெளியுமாம் என்றேன். "அப்பன்னா என்னைக்கும் முடியாத வேலைன்னு சொல்லு" என்கிறாள். மறைக்க நினைப்பவள் கோடு போட்டு மூடியிருக்க மாட்டாளா, புள்ளி வைத்தா காட்டுவாள் என்று கேட்டும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, பட்டினியாகப் படிக்காதே. பழமலைநாதர் உன்னைக் காக்கட்டும்.

ஆசியுடன்,
அம்மா பெரியம்மாள்

பி.கு.: எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தை மாதமே வந்துவிடு என்று எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. இப்போது என்மேல் சந்தேகம் வந்து, படித்துக் காட்டச் சொன்னாள். எழுதாத அந்த வரியை, எழுதியது போலவே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன்.