கூசாத உள்ளங்கால்

ஜூன் 9, திங்கள்

இவரை எழுப்ப எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். போர்வைக்குள் கையை விட்டு உள்ளங்காலில் ஒரு விரலை ஓட்டினால் போதும், வேன் ஓட்டுகிற மனுஷன் வேனைவிட வேகமாகக் கிளம்புவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு அலாரம் இது.

இன்றைக்கு ஓட்டினேன். கிணற்றில் போட்ட கல். அடுத்த காலிலும் ஓட்டினேன். குறட்டைதான் பதில். போர்வையைத் தூக்கியதும் முழித்தார், என் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார், அப்புறம்தான் "ஐயோ விடுடி!" என்று சிரித்தார்.

பார்த்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு என்ன சிரிப்பு?

"உன் விரல் மழுங்கிப் போச்சுடி" என்கிறார். என் விரலா? போன வாரம் சயின்ஸ் டீச்சரின் விலாவில் ஒரு குத்து விட்டேன், அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் வேன் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

ஜூன் 10

பள்ளிக்கூட வேனில் இவர் டிரைவர். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான். டீச்சரும் எங்கள் வேனில்தான் வருவார், வந்தால் நிம்மதியாக உட்கார முடியாது. முன் சீட்டில் ஒரு ரெட்டைச் சடைக்காரி இருக்கிறாள், கேள்விமூட்டை என்று நான் வைத்த பெயர். இன்றைக்கு அவள் கேட்டது: "டீச்சர், என்னை நானே கிச்சுகிச்சு மூட்டினா ஏன் சிரிப்பு வரல?"

கேட்டதுதான் தாமதம், மொத்த வேனும் தன் அக்குளைத் தானே தோண்ட ஆரம்பித்தது.

டீச்சர் சொன்னார்: "நீ கையை அசைக்கும்போதே 'இதோ இங்க தொடப்போறேன்'னு உன் மூளைக்குத் தெரிஞ்சு போயிடும். வீட்டு ஆள் வந்தா நாய் குரைக்குமா? அடுத்தவங்க கை எப்போ எங்க படும்னு தெரியாது. அதுக்குத்தான் குரைக்கும்."

"அப்போ எங்க வீட்டுக்காரருக்கு என் கை வீட்டு ஆள் ஆயிடுச்சோ? இப்பல்லாம் குரைக்கவே மாட்டேங்கறார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"எத்தனை வருஷமானாலும் அது அடுத்தவங்க கைதான்க்கா" என்றார் டீச்சர்.

இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது லேசுப்பட்ட காரியமா?

ஜூன் 13

முகத்துக்கு சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. "காலங்காத்தாலேயே ஏத்திக்கிட்டீங்களா?" என்று கேலி செய்தேன். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கை எப்போதிலிருந்து சுவரைத் தேடுகிறது? நான் கவனிக்கவே இல்லையே.

ஜூன் 17

இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடும் விளையாட்டு. "பார்க்காமலே மூக்கு எங்க இருக்குன்னு கைக்கு எப்படி டீச்சர் தெரியுது?" என்றாள் கேள்விமூட்டை.

"மூட்டும் தசையும் தோலும் 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். டிரைவர் மாமாவைப் பாரு, கீழ பார்க்காமலே கரெக்டா பிரேக்கை மிதிக்கறார்ல?"

நானும் பார்த்தேன்.

அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18

ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிகிறார். குனிந்து, காலைப் பார்த்து, அப்புறம்தான் மிதிக்கிறார். அந்த நேரத்தில் ரோட்டை யார் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். இறங்கும்போது என் கையில் கம்பியின் தடம்.

ஜூன் 20

இதை எழுதக் கை வரவில்லை.

காலையில் அவருடைய வலது ஷூவுக்குள் ஒரு சோடா மூடியைப் போட்டேன். பழைய விளையாட்டுதான். வாசலைத் தாண்டுவதற்குள் கத்திக்கொண்டு என் மேல் வீசுவார், நான் ஓடுவேன். இன்றைக்கும் வீசிவிட்டால் என் பயம் போய்விடும் என்று பார்த்தேன்.

போட்டார். லேஸைக் கட்டினார். போய் வண்டியில் ஏறினார்.

இதோ கத்துவார், இதோ கத்துவார் என்று சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் சிரிப்பு செத்துப்போயிற்று. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலை? பிள்ளைகள் முன்னாடி அவரை எப்படிச் சொல்றது — அடிப்பாவி, பிள்ளைங்க இருந்ததாலதானே சொல்லியிருக்கணும்?

பிள்ளைகள் இறங்கியதும் ஷூவைக் கழற்றினேன். காலுறை நனைந்து சிவந்திருந்தது.

"இது எப்போ?" என்று கேட்டார், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

கட்டுப் போடும்போதுதான் சொன்னார்: "கொஞ்ச நாளாவே பஞ்சு மேல நடக்கற மாதிரிதான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே. வேனை வேற ஒருத்தன்கிட்ட கொடுத்துடுவாங்க. இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

தரையும் பாயும் ஒரே சூடுதான், தரை நம் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சுவதால்தான் ஜில்லென்று தெரிகிறது என்று டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். இவரை ஒரு காலைப் பாயிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நிற்கச் சொன்னேன். "எது ஜில்லுன்னு இருக்கு?"

குனிந்து பார்த்துவிட்டு, "தரை" என்றார்.

"டாக்டர்கிட்ட போகலாங்க."

"ஸ்கூல் லீவு விடட்டும்."

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்க வேணாம்."

"எடுப்பேன்."

ஜூன் 23

எடுக்கவில்லை.

சாவியோடு கிளம்பினவரை வேன் பக்கத்தில் மறித்தேன். "ஒரு பந்தயம். கண்ணைக் கட்டிட்டு உங்க காலைக் கிச்சுகிச்சு மூட்டறேன். சிரிச்சீங்கன்னா வண்டி எடுங்க, நான் வாயே திறக்கமாட்டேன்."

"நீயா, வாயைத் திறக்கமாட்டியா?" என்று சிரித்துவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார். துண்டால் கண்ணைக் கட்டினேன். ஷூவைக் கழற்றி எதிரில் குந்தினேன்.

"ஆரம்பிக்கிறேன்" என்றேன்.

சிரித்தார். "ஐயோ விடுடி, விடுடி!" தோள் குலுங்க, காலை உதறி, அந்தப் பழைய சிரிப்பு அப்படியே. எவ்வளவு நன்றாகச் சிரித்தார்!

என் ரெண்டு கையும் என் மடியிலதான் இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லைங்க."

சிரிப்பு நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. துண்டை அவிழ்க்கவில்லை. சாவியை நீட்டினார், நான் இல்லாத பக்கமாக. நான் அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 25

டாக்டர் ஒரு கவட்டைக் கம்பியைத் தட்டி இவர் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதா?" என்றார். என் கையில் வைத்தபோது வண்டு பறக்கிற மாதிரி அதிர்ந்தது. இவர் என் முகத்தைப் பார்த்தார், விடை அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

சர்க்கரை இருப்பது தெரிந்ததுதான். மாத்திரை போட்டால் போதும் என்று இருந்துவிட்டார். "உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான். கெட ஆரம்பிச்சா அதுதான் முதல்ல கெடும்" என்றார் டாக்டர். ஏதோ ஒரு வைட்டமினும் குறைவாம். அதற்கு ஊசி.

"போனது திரும்பி வருமாங்க?"

"கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு காலைத்தான் கேக்கணும்."

ஜூலை 8

புது டிரைவர். நல்ல பையன்தான், எனக்குப் பிடிக்கவில்லை.

"டிரைவர் மாமா எங்க அத்தை?" என்றாள் கேள்விமூட்டை.

"அவர் கால் தூங்குதுடி."

"கால் தூங்கினா எறும்பு ஊறுமே, அப்புறம் முழிச்சுக்குமே!"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். சாவியைக் கொடுத்த நாளிலிருந்து இவர் வீட்டில் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 4

பேசினார். "குழம்புல உப்பு இல்லை."

எனக்கு இனித்தது.

செப்டம்பர் 2

பள்ளிக்கூட வாசலில் வேன்களை ஒழுங்குபடுத்தி நிறுத்தும் வேலை கொடுத்திருக்கிறார்கள். விசில் ஊதுகிறார், தெருவே நடுங்குகிறது. தினமும் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். "பொண்ணு பார்க்க வந்தப்போகூட என் மூஞ்சியை இப்படிப் பார்த்திருக்கமாட்டீங்க" என்றேன். கண்ணாடியை ஓங்கினார். ஓடினேன்.

நவம்பர் 17, திங்கள்

தினமும் காலையில் இரண்டு உள்ளங்காலிலும் விரலை ஓட்டுகிறேன். எதிர்பார்த்து இல்லை, வாசல் பெருக்குகிற மாதிரி ஒரு வேலை.

இன்றைக்கு இடது காலில் ஓட்டினேன். விழுந்தது ஒரு உதை, நேராக என் வாயில். உதைத்தவர் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டைகூட நிற்கவில்லை.

உதடு வீங்கிப்போய் வேனில் ஏறினேன். "என்னக்கா ஆச்சு?" என்று டீச்சர் பதறினார்.

"தூங்கறவர் காலைச் சீண்டினேன் டீச்சர். குரைச்சிடுச்சு."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை விடவில்லை.

உதை வாங்கியதும் வலது காலிலும் ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. நாளைக்கும் கேட்பேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து.