மூன்றாவது பாட்டு

1973 நவம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். சட்டை காயவில்லை, ஈரத்தோடே பனியன் கம்பெனிக்கு. வாங்க வேண்டியவை: பிளேடு, மண்ணெண்ணெய், கிடார் கம்பி ஒரு செட்.

மெட்ராஸிலிருந்து பார்சல் வந்துவிட்டது. டேவிட் பெயருக்குத்தான். பாடுகிறவன் ஆயிற்றே. எங்கள் நாலு பேரின் முதல் எல்.பி. இசைத்தட்டு, எட்டுப் பாட்டு. ஜூலையில் இரண்டு நாள் ஸ்டூடியோவில் வாசித்தது. மூன்றாவது பாட்டு நான் கட்டியது. அட்டையில் எங்கள் படம். என் காது மட்டும் முறம் மாதிரி.

13, செவ்வாய்

எங்களில் யாரிடமும் ரெக்கார்டு பிளேயர் இல்லை. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. சாயங்காலம் அவர் வீட்டில் வைத்துக் கேட்டோம். முதல் இரண்டு பாட்டு நன்றாகத்தான் இருந்தன.

மூன்றாவதில் கிடார் வந்ததும் என் விரல்கள் தொடையில் தானாக வாசித்தன. விரல் போன இடத்துக்குப் பாட்டு வரவில்லை. வேறு யாரோ வாசிக்கிறார். சுத்தமாக, பிசிறில்லாமல்.

டிரம்ஸ் மணி முதுகில் ஓங்கி அடித்தான். "கலக்கிட்டே போ!" நானும் சிரித்து வைத்தேன். டேவிட் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

14, புதன்

தூறல் நிற்கவில்லை. டேவிட்டை நல்லூர் டீக்கடைக்கு இழுத்துப் போய்க் கேட்டேன்.

"மெட்ராஸ்ல மியூசிக் பாக்கறவருக்கு உன்றது புடிக்கலைடா. சுருதி சேரலைன்னுட்டாரு. அவிய ஆளை வெச்சு வாசிச்சாங்க, நான் மறுபடி பாடுனேன்."

ஆகஸ்டில் சித்தி ஊட்டுக்குப் போறேன் என்று போனானே, அது இதுதான்.

"கம்பியை வேணும்னேதான் இழுக்கறான்னு சொன்னியா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"அந்தப் பையனுக்குக் காது சரியில்லையான்னு கேட்டாருடா. நான் என்னத்தச் சொல்றது? மாத்தலைன்னா தட்டே வராதுன்னாரு."

கம்பியைத் தள்ளினால் சத்தம் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் போய் நிற்கும். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டுக்கு அந்த நடு இடம்தான் உயிர். அதை வரவழைக்க எனக்கு ஒன்றரை வருடம். டேவிட்டுக்கு இது தெரியும். விரல் காய்த்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. டீக்குக் காசு அவனே கொடுத்தான். கோபம்கூட வரவில்லை, அசிங்கமாக இருந்தது.

16, வெள்ளி

எல்.பி. வந்தது கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். "உன்ற பேரு அச்சுல வந்திருக்குது கண்ணு!" அட்டையில் லீட் கிடார் என்று போட்டு என் பெயர். உண்மைதான், பெயர் இருக்கிறது. ஜிலேபி இறங்கவில்லை.

மணியிடம் சொல்லிவிடலாமா? அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை போகிறான், அம்மாவுக்குக் காட்ட. எப்படிச் சொல்வது? சொன்னால் நாலு பேரும் நாலு திசை. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் வாசிப்புக்கு நான் தலையாட்ட வேண்டும்.

கிடாரைத் தொடவில்லை. கம்பியும் வாங்கவில்லை.

18, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. போர்வை துவைத்தேன்.

வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். வாடகைக்கு என்று நினைத்தேன். இல்லை.

"ஏனுங்க தம்பி, நாலஞ்சு நாளா சத்தத்தையே காணோமுங்க?"

"கை வலிங்க."

சுவரில் சாய்த்திருந்த கிடாரைப் பார்த்தார்.

"அந்த மூணாவது பாட்டு. அது நீங்க வாசிச்சது இல்லீங்களே?"

போர்வையை உதறிக் கொடியில் போட்டேன்.

"ஒன்றரை வருசமா என்ற தலைக்கு மேல அதே பாட்டுத்தானுங்க. ரேடியோவுல ஒரு செய்தி கேக்க உட்டதில்லீங்க நீங்க. நடுவால ஒரு எடத்துல அழுவீங்க. தட்டுல இருக்கற ஆளு அழுவுலீங்களே."

டேவிட் முகம் கண்முன் வந்தது, மணி முகம் வந்தது.

"இல்லீங்க, நான்தானுங்க வாசிச்சேன்" என்றேன்.

"அப்படீங்களா" என்றார். நம்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

என் கிடாரை அடையாளம் கண்டவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.