அண்ணன் தின்ற பிஸ்கட்

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு, 1981

இன்று பள்ளியில் பிஸ்கட்டில் ஐசிங் போட முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தார்கள். காகிதக் கூம்பைப் பிழிந்தால் கோடு நெளிந்து ஓடியது. நாளைய திருநாளை நினைத்து ஒன்றில் வேல் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் அதைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“இது வேலா, கரண்டியா? ஆனா நல்லாத்தான் இருக்குலா” என்று சிரித்தான்.

ஐசிங்கில் இருந்தது சீனியும் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவும். காவடிக்காக அவன் ஒரு மாதமாக மீன், முட்டை எதையும் தொடவில்லை. நாளை அவன் கன்னத்தில் அலகு குத்துவார்கள்.

“என் பிள்ளை சுத்தமா விரதம் இருந்திருக்கான், ஒரு சொட்டு ரத்தம் வராது பாரு” என்றார் அம்மா. நான் மேசையில் கிடந்த பிஸ்கட் துகள்களைத் துடைத்தேன்.

அண்ணன் நன்றாகத் தூங்குகிறான். நாளை ரத்தம் வந்தால்?

முருகா, அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.