காணாமற்போன குட்டி

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் கவனித்துக்கொள்ளும் டீச்சரம்மாவைத் தினமும் காலையில் சக்கர நாற்காலியில் வைத்து, வாய்க்கால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கே ஒரு நீர்நாய் இரண்டு குட்டிகளோடு மீன் பிடிக்கும். இரண்டு மாதமாக எங்களுக்கு அதுதான் சினிமா. திங்கட்கிழமை ஒரு குட்டியைக் காணோம். தாய் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தி நீந்திக் கத்தியது. "போலாம்மா," என்றார் டீச்சரம்மா. எனக்குக் கால் நகரவில்லை. பயப்படாதீர்கள், கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

"உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வயசு."

"எவ்ளோ உயரம் இருப்பா?"

காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். எந்த உயரத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நான் ஊரிலிருந்து கிளம்பும்போது என் இடுப்புக்குக்கூட அவள் வரவில்லை. போனில் முகம்தானே தெரிகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். அவளைச் சுவரோடு நிற்கவைத்து, உச்சந்தலை முதல் பாதம்வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைப் பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். டீச்சரம்மா கூப்பிடுகிறார். அளக்கும்போது பாப்பா எக்கி நிற்பாள், விட்டுவிடாதீர்கள். எனக்கு உள்ளது உள்ளபடி வேண்டும்.

பாப்பா அம்மா