சாயாத சுவர்

ஜூன் 16, திங்கள். விடாத மழை.

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதுகிறேன்: கோளாறு என் மிஷினில் இல்லை. இருக்குமோ என்ற பயமும் கூடவே.

கல்லூரி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக நான் கட்டிய மிஷின். உடம்புக்குள் வைத்தால் மெல்லக் கரைந்துபோகும் பிளாஸ்டிக்கை உருக்கி, ஊசிமுனையில் சில ஆயிரம் வோல்ட். மின்சாரம் இழுக்க, முடியைவிட மெல்லிய தாரையாக இறங்கும். கீழே தட்டு நகரும். இழைமேல் இழையாக, மிளகு அளவில் ஒரு கூடு. எலும்புச் செல்கள் அதில் குடியேற வேண்டும்.

இருபது அடுக்குக்குமேல் கூட்டின் சுவர் சாய்கிறது. ஆராய்ச்சி மாணவி ஜெபாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஆறு கூடு வேண்டும், ஆஸ்பத்திரிச் சோதனைக்கு. தவறினால் இன்னொரு வருடம். வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்களாம்.

துறைத் தலைவர் (இனி து.த.) என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். இன்றும் எல்லார் முன்னாலும்: "மக்கா, உனக்க ஊசிதாம்லே வளைஞ்சிருக்கு. நீ ஸ்பானரப் பிடி. சயின்ஸ நாங்க பாக்குதோம்."

வாங்க: தேங்காயெண்ணெய், ரத்த அழுத்த மாத்திரை.

ஜூன் 17, செவ்வாய்.

ஊசி மாற்றினேன். பழையது நேராகத்தான் இருந்தது. புதியதிலும் சாய்வு. ஜெபா மதியம் சாப்பிடவில்லை. "ஒங்களால இல்ல சார்" என்றாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 18, புதன். மழை, காற்று.

து.த.வுக்கு நாகர்கோவிலில் மீட்டிங். அறையின் ஈரம் உறிஞ்சும் கருவியில் குழாய் அடைத்து, தரையெல்லாம் தண்ணீர். ஏதோ வெளிநாட்டுக் கட்டுரை படித்து, இரண்டு வருடம் முன் ரிப்பன் வெட்டி அவர் வைத்த கருவி. ஷாக் அடிக்கக்கூடாதென்று அணைத்தேன். ஜன்னலையும் திறந்தேன். என் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபா கத்தினாள்: "சார், நாப்பது அடுக்கு! சுவரு நிக்கி சார்!"

அறுபதிலும் நின்றது.

விஷயம் எளிது. விழுந்த இழையில் மின்னேற்றம் தங்கும். உலர்ந்த காற்றில் அது போக வழியில்லை, அடுத்த இழையைத் தள்ளிவிடும். ஈரக்காற்று வடித்துவிடுகிறது. ஊர் மழையைக் கருவி வைத்துத் துரத்தியிருக்கிறோம்.

அது வந்த வாரமே எனக்குச் சந்தேகம். சொல்ல வாயெடுத்தபோதுதான் முதல் ஸ்பானர் பேச்சு. பிறகு சொல்லவில்லை, சோதிக்கவுமில்லை. கெட்டுப்போகட்டும் என்றிருந்தேன். கெட்டது ஜெபாவின் இரண்டு வருடம்.

ஜூன் 19, வியாழன். தூறல்.

ஆறும் முடிந்தன. மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு சுவரும் நேர். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

இரவு மனைவி: "என்ன, மொகத்துல ஒரு சிரிப்பு? ஆராவது செத்துட்டாவளா?" இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஜூன் 20, வெள்ளி. வெயில்.

ஜெபா காலை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

து.த. வந்தார். "பாத்தியா, ஊசிய மாத்தினதும் செரியாச்சுல்லா?" கருவியை ரிப்பேர் செய்ய திங்கட்கிழமை ஆள் வருகிறானாம். ஜெபாவுக்கு அடுத்த மாதம் இன்னும் பன்னிரண்டு கூடு வேண்டும். அவள் சொன்னால் யார் சொல்லிக்கொடுத்தது என்று குடைவார்.

ஒரு பக்கம் டைப் செய்தேன். காரணம், அளவுகள், கருவியை அணைக்கவும். என் பெயரைப் பார்த்தால் முதல் வரியோடு நிறுத்திவிடுவார். பெயரில்லாவிட்டால் யாரோ பெரிய நிபுணர் என்று நினைத்து, அடுத்த மீட்டிங்கில் தன் கண்டுபிடிப்பாகவே சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். கருவி அணைந்தால் போதும்.

உறையில் எங்கள் ஊர் தக்கலை முத்திரை விழுந்தால் மோப்பம் பிடித்துவிடுவார். இப்போதே பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் விரைவுத் தபாலில் போடுகிறேன். கையெழுத்து இல்லாமல்.