முனியப்பனிடம் கேட்ட பரீட்சை

இண்டூர்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் சுகம். நீ சுகமாக இருப்பதை நேற்று அனுப்பிய போட்டோவில் பார்த்துக்கொண்டோம், கன்னம்கூட உப்பியிருக்கிறது, சந்தோஷம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான். உன் சிநேகிதன் அருள்குமார் லீவு முடிந்து ஜெர்மனிக்குத் திரும்புகிறான், அவனிடம் புளியும் வறுத்த கடலையும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். சாமந்தி இந்த வருஷம் பரவாயில்லை. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நீ வாங்கி அனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனி கடைசியில் நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா. நெட்வொர்க் வேலையிலேயே பெரிய பரீட்சை எழுதப்போகிறேன், அதில் பல பிரிவு இருக்கிறது, நான் இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும் என்றாய். செக்யூரிட்டி எடுத்தால் உங்கள் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸில் இடம் கிடைக்கும், டேட்டா சென்டர் எடுத்தால் ஜெர்மனியிலேயே இருந்துவிட வேண்டும் என்று நீதான் சொன்னாய். எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குதும்மா, நீயே முனியப்பங்கிட்ட பூப்போட்டுக் கேட்டுச் சொல்லு என்றாய். இவ்வளவு படித்தவன் நம்மைக் கேட்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி முதல் வெள்ளி போனோம். சாமியின் வலது தோளில் செக்யூரிட்டிக்கு வெள்ளை அரளி, இடது தோளில் டேட்டா சென்டருக்குச் செவ்வரளி, எது முதலில் விழுகிறதோ அது. என்னன்னு சொல்லி வேண்டறதுங்க என்று பூசாரி மாதேஷ் விழித்தார், உன் அப்பா அந்த இரண்டு இங்கிலீஷ் பேரையும் சாமி முன்னால் சத்தமாகச் சொன்னார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உச்சிவெயில் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றோம். வெள்ளை விழுந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். உனக்குப் போன் செய்தபோது, சாமியே சொல்லிட்டா அப்பறம் என்னம்மா என்றாய். குரல் உள்ளே போயிருந்தது, சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அப்புறம் மாடி ரூமுக்கு வெள்ளையடித்தோம். பாப்பிரெட்டிப்பட்டியில் டீச்சர் வேலை பார்க்கும் கனிமொழியை உனக்குப் பேசியிருந்தேன் அல்லவா, அவள் அம்மா செல்லம்மாள், பெங்களூருன்னா சரிங்க, பிளேன் ஏறிப் போற ஊருன்னா வேண்டாங்க என்று முன்பே சொல்லியிருந்தார். பெங்களூர்தான் என்று நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் அருள்குமார் வூட்டுக்கு வந்தான், காபி குடித்துக்கொண்டே, ரஞ்சித் சித்திரையிலேயே டேட்டா சென்டருக்குப் பணம் கட்டிட்டானுங்கம்மா, எட்டு மணி நேரப் பரீட்சை, விழுந்து விழுந்து படிக்கிறான் என்றான். அவனைத் திட்டாதே, நீ இங்கே ஆடிய கூத்து அவனுக்குத் தெரியாது.

சித்திரையில் பணம் கட்டிவிட்டு ஆனியில் எதற்கடா சாமியைக் கேட்கச் சொன்னாய். செவ்வரளி விழுந்திருந்தால் சாமி சொல்லிவிட்டது என்று என் வாயை அடைத்திருக்கலாம், அதுதானே கணக்கு. அது விழவில்லை என்றதும் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவன் அவனுக்குப் புடிச்சத எடுத்தது தப்பில்ல, முனியப்பன வம்புக்கு இழுத்ததுதான் தப்பு என்று சொல்லிவிட்டு அப்பா சாமந்திக் காட்டுக்குப் போய்விட்டார், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செல்லம்மாளிடம் மறுபடி போய் நின்றவள் நான். பரவால்லீங்க, இப்பவாச்சும் சொன்னீங்களே என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பரீட்சை அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. காபியாகக் குடித்துக்கொண்டு கண் விழிக்காதே. நீ பாஸ் ஆகவேண்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும். ஆனால் அதற்காகக் கோயிலுக்குப் போய் நிற்கமாட்டேன், கூச்சமாக இருக்கிறது. புளியை ஈரம் படாமல் வை. இனிமேல் எதை முடிவு செய்தாலும் முடிவு செய்துவிட்டேன் என்றே சொல், தாங்கிக்கொள்வேன். கேட்டுச் சொல்லும்மா என்று மட்டும் சொல்லாதே. அதை நம்பி ஆடி மாதம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சசிகலா சென்றாயன்